கைவிட்டது யார்?

பெருநகரங்களின் பாதாள ரயில் பாதைகளில் மூடிக் கிடக்கும் நிலையங்களுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே பெயர்தான்: பேய் நிலையம். தமிழில் எழுதுகிறவர்கள் சற்று அடக்கமாக, கைவிடப்பட்ட நிலையம் என்கிறார்கள். இரண்டு பெயர்களிலும் எனக்கு ஆட்சேபம் உண்டு. முதலாவது ஒரு நிர்வாக முடிவை மரணமாக்கிவிடுகிறது. இரண்டாவது, செயப்பாட்டு வினையின் சௌகரியத்தில், கைவிட்டவனை வாக்கியத்தை விட்டே வெளியேற்றிவிடுகிறது.

நானும் இப்படி ஒரு கவிதை எழுதியவன்தான். ஒரு புகைப்படத்தைப் பார்த்து எழுதியது. இருட்டு, ஈரம் கசியும் சுவர், நின்றுபோன கடிகாரம், வராத ரயில் எல்லாம் அதில் இருந்தன. நண்பர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். எந்த ஊர் நிலையம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திராது. அந்தக் கவிதையின் கோளாறு முழுவதும் அந்தக் கேட்கப்படாத கேள்வியில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

முதலில், வராத ரயில் என்பது பொய். நியூயார்க்கின் சிட்டி ஹால் நிலையத்தில் ரயில் இன்றும் வருகிறது. 1904இல் அந்த நகரின் பாதாள ரயில் தொடங்கியபோது அதன் அலங்கார முகமாகக் கட்டப்பட்டது அது. ஓடு பதித்த வளைகூரை, கண்ணாடிச் சாளரங்கள், சரவிளக்குகள். ஆனால் பிளாட்பாரம் வளைவில் அமைந்துவிட்டது. பின்னால் வந்த நீளமான பெட்டிகளின் நடுவில் கதவுகள் இருந்தன. வளைவில் அந்தக் கதவுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே அபாயமான இடைவெளி விழுந்தது. பக்கத்திலேயே இன்னொரு நிலையம் இருந்ததால் கூட்டமும் குறைவு. 1945 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடினார்கள். ரயில் அந்த வளைவைச் சுற்றித்தான் இன்றும் திரும்புகிறது. ஒரு கதவின் இடம் மாறியதால் மூடிய நிலையம் இது. இதில் பேய்க்கு வேலையில்லை.

லண்டனின் டவுன் ஸ்ட்ரீட் 1907இல் திறந்து 1932இல் மூடப்பட்டது. சுற்றிலும் சொந்த வண்டி வைத்திருந்த பணக்காரர்கள். இருபுறமும் கூப்பிடு தூரத்தில் வேறு நிலையங்கள். ஆல்ட்விச், 1994 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. 1907இல் போட்ட லிப்டுகளை மாற்ற முப்பது லட்சம் பவுன் வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு வந்துபோனவர்களோ சுமார் 450 பேர். கணக்குப் பார்த்தார்கள், மூடினார்கள். ஆனால் மூடியதோடு இந்த இடங்களின் கதை முடிந்துவிடுவதில்லை என்பதுதான் விஷயம். 1940இல் குண்டு விழுந்தபோது டவுன் ஸ்ட்ரீட், யுத்தகால ரயில் நிர்வாகக் குழுவின் அலுவலகமாக இருந்தது; சர்ச்சில் அங்கே தங்கியதுண்டு. அதே 1940இல், பாதாள நிலையங்களைப் புகலிடமாக்க அரசாங்கம் முதலில் சம்மதிக்கவில்லை. ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, மேலே வர மறுத்துவிட்டார்கள். ஆல்ட்விச் கிளைப்பாதையில் சேவையை நிறுத்தினார்கள். ஒரு பகுதியில் மனிதர்கள் உறங்கினார்கள். சுரங்கத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தின் கிரேக்கச் சிற்பங்கள் பத்திரமாக இருந்தன. யாருக்கு எந்த ஆழத்தில் இடம் என்ற கேள்வி அங்கே ஸ்தூலமாக நிற்கிறது. இருட்டையும் ஈரத்தையும் பாடுகிறவனுக்கு அது கண்ணில் படுவதில்லை.

கவிதை என்ன ரயில்வே கணக்குப் புத்தகமா, லிப்டின் விலையை எழுதினால் கவிதையாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாதுதான். ஆனால் படிமத்தின் பெயரால் இந்த வாதத்தை வைப்பவர்கள், படிமவாதிகளின் மூலக் கவிதையே பாரிஸின் பாதாள ரயில் நிலையமொன்றில் பிறந்தது என்பதை யோசிக்க வேண்டும். எஸ்ரா பவுண்டு கான்கார்ட் நிலையத்தில் இறங்கியபோது கண்டதை முதலில் முப்பது வரிகளில் எழுதி, கிழித்துப்போட்டு, பல மாதங்கள் கழித்துக் கடைசியில் இரண்டு வரிகளுக்கு வந்தார். 1913இல் வெளியான அந்தக் கவிதையிலும் ஆவியுலகச் சாயல் உண்டு. ஆனால் அங்கே தோன்றுபவர்கள் அந்த நேரத்தில் அந்த பிளாட்பாரத்தில் இருந்த உயிருள்ள பயணிகள். சுருக்கியபோது அவர் மனிதர்களை வெட்டிவிடவில்லை. நாம் முதலில் வெட்டுவது அவர்களைத்தான்.

பேய் நிலையம் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு இடத்தில் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்: பெர்லின். 1961 ஆகஸ்ட் 13க்குப் பிறகு, மேற்கிலிருந்து புறப்பட்டு மேற்கிலேயே போய்ச் சேரும் சில பாதைகள் நடுவில் கிழக்கு பெர்லினின் அடியில் ஓடின. பிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ தவிர அங்கிருந்த நிலையங்களில் ரயில் நிற்காது; வேகம் குறைத்துக் கடந்துபோகும். மங்கின வெளிச்சத்தில் துப்பாக்கியோடு காவலர்களின் நிழல். காவலர்களே தப்பி ஓடிவிடக்கூடும் என்று அவர்களையும் அறைக்குள் வைத்துப் பூட்டியதுண்டு. ரயிலில் இருந்தவன் கண்டதற்கு அவன் வைத்த பெயர் பொய்யில்லை.

ஆனால் அது ரயிலில் இருந்தவன் வைத்த பெயர். மேற்கின் வரைபடத்தில் இவை ரயில்கள் நிற்காத நிலையங்கள் என்று குறிக்கப்பட்டிருந்தன. கிழக்கின் வரைபடத்தில் அந்தப் பாதைகளே இல்லை. வாசல்களை அடைத்து, பெயர்ப்பலகைகளை எடுத்துவிட்டார்கள். மேலே தெருவில் நடந்த கிழக்கு பெர்லின்காரனுக்குக் காலடியில் ரயிலின் அதிர்வு மட்டும் கேட்டது. வரைபடத்தில் இல்லாத ரயில். அதை அவன் என்ன பெயரிட்டு அழைப்பான்? இந்த விஷயத்தில் எழுதப்பட வேண்டிய கவிதை ஒன்று இருந்தால் அது அந்தத் தெருவில் இருக்கிறது. நாம் எல்லோரும் ஜன்னலோரப் பயணியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதையே அனுபவம் என்கிறோம்.

விசித்திரம், மேற்கில் இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு மட்டரகத் திகில் படம் என்று ஒதுக்கப்படக்கூடிய ஒன்று. கேரி ஷெர்மன் 1972இல் எடுத்த 'டெத் லைன்'. லண்டனில், முடிக்கப்படாத பாதாள நிலையம் ஒன்றில் மனிதமாமிசம் தின்று வாழும் ஒருவன். பேய் இல்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் சுரங்கம் தோண்டும்போது மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்ட தொழிலாளர்களின் கடைசி வாரிசு. கம்பெனி திவாலாகி, அவர்களை மீட்காமல் விட்டுவிட்டது. அவனுக்குத் தெரிந்த மனித மொழி, கதவுகளைக் குறித்து ரயில்காரர்கள் பயணிகளுக்குச் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான். கோபத்துக்கும் அதுதான், கெஞ்சலுக்கும் அதுதான். படத்தில் அபத்தங்கள் இருக்கின்றன. ரத்தம் தேவைக்கு மேல் சிந்துகிறது. ஆனால் கைவிட்டது யார் என்று அது சொல்லிவிடுகிறது. கைவிடப்பட்டவனிடம் மிஞ்சிய மொழி எவ்வளவு என்றும் காட்டுகிறது. நம் நேர்த்தியான கவிதைகள் பலவற்றில் இந்த இரண்டும் இல்லை.

1989 நவம்பர் 11 அன்று, சுவர் திறந்த இரண்டாம் நாள், யானோவிட்ஸ்புரூக்க நிலையத்தில் இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு ரயில் நின்றது. மற்றவை ஒன்றொன்றாகத் திறந்தன. தரைக்கடியிலிருந்த பாட்ஸ்டாமர் பிளாட்ஸ் நிலையம் கடைசியாக 1992இல். உத்தரவிட்டு மூடிய இடங்கள், உத்தரவிட்டுத் திறக்கப்பட்டன. என் கவிதையில் இப்படித் திறப்பதற்கு வழியே இல்லை. வாசலை அடைத்த கையை நான் எழுதவில்லை. அதனால் அது திறக்கக்கூடிய வாசல் என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கவிதையை இனிமேல் திருத்த முடியாது. எந்த ஊர் நிலையம் என்று எனக்கு இன்னும் தெரியாது.