கருப்பட்டி போன பாதை

திசையன்விளையிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூருக்கு 1914 முதல் 1940 வரை ஒரு குட்டி ரயில் ஓடியது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டே அடி; பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலைக்குக் கருப்பட்டி சுமந்த ரயில். இன்று அந்தப் பக்கம் சைக்கிளில்தான் போக வேண்டும். பனையோலை காற்றில் சரசரப்பதும் தேரியின் செம்மணல் சக்கரத்தடியில் நெரிவதும் அப்போதுதான் காதில் விழும். உடன்குடியை நெருங்கும்போது பதநீர் காயும் வாசனை வந்தால் இறங்கிவிடுங்கள். அடுப்பனலில் நின்று கிண்டுகிற அந்தக் கைக்கு அவசரமே கிடையாது. நுரை பொங்கினால் இடித்த ஆமணக்கு முத்து கொஞ்சம் விழும். பாகு கெட்டியாகிக் கரண்டியை இழுக்கும் பதம் வந்த பிறகே சிரட்டையில் ஊற்றுவார்கள். ஆறிய வில்லையை உடைத்து வாயிலிட்டால் முதலில் லேசான கரிப்பு, அப்புறம் மெல்ல இனிப்பு.