நாகேஷ்: சிரித்த வயதும் பார்க்கிற வயதும்

சென்ற மாதம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தபோது 'காதலிக்க நேரமில்லை' படத்தில் மகன் தகப்பனாருக்குத் திகில் கதை சொல்லும் காட்சி வந்தது. எத்தனையாவது தடவை பார்க்கிறேன் என்று கணக்கில்லை. இந்தத் தடவை ஒரு வித்தியாசம். காட்சி முடிகிறவரை நான் நாகேஷைப் பார்க்கவே இல்லை. பாலையாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை ரசனையின் வளர்ச்சி என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். வெறும் வயது என்றும் சொல்லலாம். இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்க முடியுமா என்பதுதான் என் பிரச்னை. வயதாகிறவர்கள் பழைய நடிகர்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் தங்கள் இளமையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நடிகன் அதற்கு ஒரு சாக்கு. 'அந்தக் காலத்தில்' என்று ஆரம்பிக்கிற பேச்சில் விமர்சனத்துக்கு இடம் கிடையாது. நானும் அந்த வயதுக்கு வந்துவிட்டேன் என்பதால் இந்த எச்சரிக்கையை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

படம் 1964ல் வந்தது. எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு வந்து சேர மேலும் ஒரு வருஷம் பிடித்தது. எனக்குப் பத்து வயது. அப்பா மளிகைக் கடைக்காரர். வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று கொட்டகை மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். இருவரும் ஒன்றுக்காகவே சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும் என்று அதே அப்பா முன் போய் நின்றேன். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கேட்டார். முன்னூறு பேர் என்றேன். கல்லாப்பெட்டியை மூடிவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கொடுத்தார். நான்கு இதழோடு பத்திரிகை நின்றது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 1959ல் 'எழுத்து' தொடங்கி, புத்தகங்களைச் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்ற செல்லப்பாவை ஆதர்சமாகக் கொண்டிருந்த எங்களுக்கு, தகப்பனார் பணத்தில் ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் நடத்தப் பார்த்த அந்தச் செல்லப்பாவும் எங்கள் இனம்தான் என்று அப்போது தோன்றவில்லை.

அப்பா என்னைப் பார்த்த அந்தப் பார்வை பாலையாவின் முகத்தில் இருக்கிறது. பயமும் வாத்சல்யமும், இவன் உருப்படுவானா என்ற சந்தேகமும் கலந்த ஒன்று. நாகேஷின் கதையில் கதை என்று ஒன்றுமில்லை. சில சப்தங்கள், கைவீச்சுகள், இடைவெளிகள், அவ்வளவுதான். கதை முழுவதும் கேட்கிறவர் முகத்தில் நடக்கிறது. முப்பதை ஒட்டிய வயதில் இருந்த நடிகர், ஐம்பதை ஒட்டிய ஒரு மூத்த நடிகருக்குக் காட்சியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். சிறுவனாக இருந்தபோது நாகேஷ் செய்தது மட்டும் தெரிந்தது. செய்யாமல் விட்டது இப்போது தெரிகிறது. ஆகவே, பாலையாவைப் பார்க்க வைத்தது என் வயது. பார்ப்பதற்கு அங்கே ஒன்று இருந்தது நடிப்பு. இந்த அளவுக்காவது இரண்டையும் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதை நாங்கள் எழுதவில்லை. எழுபதுகளின் கடைசியில் ஃபிலிம் சொசைட்டியில் 'பதேர் பாஞ்சாலி' பார்த்துவிட்டு வந்து அந்தக் கிழவியைப் பற்றி ராத்திரி முழுதும் பேசியிருக்கிறோம். சுனிபாலா தேவி பழைய நாடக நடிகை. 1955ல் படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துபோனார். அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தில் வாழ்க்கையைக் கண்ட நாங்கள், அதே வாரம் அடுத்த தெருக் கொட்டகையில் நாகேஷைப் பார்த்துச் சிரித்ததைப் பரஸ்பரம் சொல்லிக்கொள்ளவில்லை. தமிழ் சினிமாவை நிராகரித்தது நியாயம்தான். அதன் பெரும்பகுதி அதற்குத்தான் லாயக்கு. ஆனால் படத்தை நிராகரித்த கையோடு நடிகனையும் சேர்த்து நிராகரித்தது சோம்பேறித்தனம். மோசமான வீட்டில் ஒரு நல்ல மனிதன் குடியிருக்கக்கூடும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. கதையோடு ஒட்டாத தனிக் காமெடித் துண்டுகளில், அவசரத்துக்குச் செய்த சேஷ்டைகளில் அவரும் நிறைய வீணானார். அவற்றை இப்போது என்னால் உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை. பத்து வயதில் அவற்றுக்கும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக இன்று ஒரு மதிப்பெண் போட மாட்டேன்.

உதிர்ந்தவை போக மிஞ்சுவதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அது பசி. 'திருவிளையாடல்' (1965) தருமி பொற்காசுக்காக ஆலாய்ப் பறக்கிற ஏழைப் புலவன். சபையில் அவமானப்பட்டுத் திரும்பி வந்து மண்டபத்தில் தன்னந்தனியாகப் புலம்புகிறபோது, எதிரில் ஆள் இல்லாத இடத்தில் ஒரு உடம்பு தனக்குத்தானே வழக்காடுகிறது. 'எதிர்நீச்ச'லில் (1968) மாது மாடிப்படிக்குக் கீழே குடியிருந்து, குடித்தனக்காரர்களுக்கு எடுபிடி வேலை செய்து, அவர்கள் கொடுப்பதைத் தின்று படிக்கிற அநாதை. அதே வருஷத்தில் 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி, அடுத்தவரை விற்றுப் பிழைக்கிறவன். ஒருவன் குனிந்து வாழ்கிறான், மற்றவன் குழைந்து வாழ்கிறான். இரண்டு முதுகும் ஒரே மனிதனுடையவை. பசி ஒருவனை எந்தப் பக்கமும் வளைக்கும் என்பதை வசனம் சொல்லவில்லை, அந்த உடம்பு சொல்கிறது. இன்று தொலைக்காட்சியிலும் செல்போனிலும் இவற்றைச் சிரிப்புக் காட்சி என்று நறுக்கிப் போடுகிறார்கள். தருமி தாங்குவான், அவன் காட்சி முழுமையானது. மாதுவை நறுக்கினால் பசி போய்ச் சிரிப்பு மட்டும் மிஞ்சும்.

பிறகு 1994. அந்த ஒரே வருஷத்தில் அவருக்கு இரண்டு படங்கள். 'நம்மவ'ரில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 'மகளிர் மட்டும்' படத்தில் அவர் பிணம். பெண்கள் ஆள் தெரியாமல் தூக்கிக்கொண்டு அலைகிற பிணம். முப்பது வருஷமாக அசைவே பேச்சாக இருந்த ஒரு கலைஞன், ஒரு விரலைக்கூடத் தன் இஷ்டத்துக்கு அசைக்காமல் ஒரு படத்தில் இடம் பிடிக்கிறான். கொட்டகை சிரித்தது. நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தோம்? அந்த உடம்பு எப்படியெல்லாம் துள்ளும் என்பது எங்களுக்குத் தெரியும். இப்போது எழுந்துவிடும், இப்போது எழுந்துவிடும் என்று காத்திருந்தோம். அது எழவில்லை. பார்வையாளனின் முப்பது வருஷ ஞாபகத்தைத் தன் கருவியாக்கிக்கொண்ட நடிப்பு அது. அவரோடு சேர்ந்து மூப்படையாதவனுக்கு அதில் பாதிதான் கிடைக்கும். இந்த ஒரு இடத்தில் வயதும் ரசனையும் ஒன்றாகின்றன என்று ஒப்புக்கொள்கிறேன். என் பிரிவினை இங்கே செல்லுபடியாகவில்லை.

நாகேஷ் 2009 ஜனவரி 31 அன்று இறந்தார். முந்தின வருஷம்தான் 'தசாவதாரம்' வந்திருந்தது. அவருக்கு அப்போது எழுபத்தைந்து வயது. இன்னும் சில வருஷம் இருந்தால் நான் அவரைவிட மூத்தவனாகிவிடுவேன். கொட்டகை மணலில் சிரித்த அப்பாவை எப்போதோ தாண்டியாயிற்று.

அவர் உயிரோடு இருந்த காலத்தில் எங்கள் நான்கு இதழ்களில் தமிழ் சினிமாவின் சீரழிவைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றை நான்தான் எழுதினேன். அதில் நாகேஷின் பெயர் ஓரிடத்தில் வருகிறது, 'முதலியோர்' என்ற சொல்லுக்கு முன்னால். நான் எழுதியதை அவர் படித்திருக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதியிருக்க வேண்டும்.