சிம்பாவின் தகுதி யாது?

பனிநிலத்தில் சறுக்குவண்டி இழுப்பதற்கென வளர்க்கப்பெற்றது சைபீரிய ஹஸ்கி நாயினம். அவ்வினத்துக் குட்டி ஒன்றைத் தமிழ்ப் படத்தின் நடுநாயகமாக்கியவர் இயக்குநர் சரோவ் சண்முகம். அவருடைய ‘ஓ மை டாக்’ 2022 ஏப்பிரல் 21ஆம் நாள் அமேசான் பிரைம் வழி வெளியாயிற்று. சிறுவரும் பெரியவரும் ஒருங்கிருந்து காணத்தக்க படங்கள் அருகிவிட்ட காலத்தில் அதனை வரவேற்பது முறையே. எனினும், மாணவர்க்கு அதனைக் காட்ட விரும்பும் ஆசிரியர் ஒரு வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும்.

கதை எளியது. பரிசுகளுக்காக நாய் வளர்க்கும் செல்வர் ஒருவர், கண்பார்வையின்றிப் பிறந்த குட்டியைப் பயனற்றது என ஒழித்துவிடச் சொல்கிறார். தப்பிய குட்டி உதகையில் அர்ஜுன் என்னும் சிறுவனிடம் சேர்கிறது. அவன் அதற்குச் சிம்பா எனப் பெயரிட்டுக் காக்கிறான். பாட்டனாராக விஜயகுமாரும், தந்தையாக அருண் விஜயும், மகனாக அர்னவ் விஜயும் நடித்துள்ளனர். உண்மையிலும் அவர்கள் மூன்று தலைமுறையினரே. ஆதலின் கடன் சுமையால் சினக்கும் தந்தைக்கும் குட்டியை விடமாட்டாத மகனுக்கும் இடையே எழும் பூசல் இயல்பாக அமைந்துள்ளது. படத்தின் சிறந்த பகுதி இதுவே.

பின்பகுதியிலோ கதை வேறு வழியிற் செல்கிறது. அறுவை மருத்துவத்தால் சிம்பா பார்வை பெறுகிறது. நாய்க் கண்காட்சிப் போட்டி அரங்கிற்கும் செல்கிறது. எந்த அளவுகோல் அக்குட்டியைப் பயனற்றது என்று தள்ளியதோ, அதே அளவுகோலின் முன் அதனை மீண்டும் நிறுத்துகிறார் இயக்குநர். அவ்வாறாயின், செல்வரின் கொடுமை பழிக்கப்பட்டதேயன்றி, அவருடைய கொள்கை மறுக்கப்பட்டதாகுமா?

இதனைப் பனிநாய்களின் மெய்வரலாறு ஒன்றோடு ஒப்பிட்டுக் காண்போம். 1958இல் அண்டார்டிக்காவின் ஷோவா நிலையத்தை விட்டு நீங்கிய ஜப்பானியர், 15 நாய்களைச் சங்கிலியிற் பிணித்தவாறே விட்டுச்செல்ல நேர்ந்தது. 1959 சனவரியில் மீண்டு வந்தோர் தாரோ, ஜிரோ என்னும் இரண்டையே உயிருடன் கண்டனர். 1983இல் கொரேயோஷி குராஹாரா இதனை ஜப்பானியப் படமாக்கினார். அதனைத் தழுவி 2006இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘எய்ட் பிலோ’ படத்தில் எட்டு நாய்களுள் ஆறு பிழைக்கின்றன. சிறுவர் உள்ளம் வாடாதிருக்க மெய்ந்நிகழ்ச்சியின் கடுமையைக் குறைத்தனர் போலும். ஆயினும், அங்கு நாய்களை மீட்கச் செல்பவன் அவை பரிசு பெறும் என்று செல்லவில்லை. தன்னை நம்பியிருந்தவற்றை விட்டுவந்தோமே என்னும் கடப்பாடே அவனை ஈர்க்கின்றது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. மகாபாரத இறுதியில், உடன்வந்த நாயை விடுத்துத் துறக்கம் புக உடன்படாத தருமனை நாம் அறிவோம். அந்நாய் எந்தப் போட்டியிலும் வெல்லவில்லை. தன்னைத் தொடர்ந்து வந்தது என்பது ஒன்றே அவனுக்குப் போதுமானதாயிற்று.

தோட்டப் பள்ளியில் பணிபுரியும் எனக்கு இது வெறும் நாய்க்கதையாகத் தோன்றவில்லை. நம் நாட்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பெற்றது. ஆனால், எத்தனை ‘ஏ’ என்று எண்ணிப் பிள்ளையின் தகுதியை உறுதிசெய்யும் வழக்கம் நம் உள்ளத்தினின்று நீங்கிற்றா? கடைசி வரிசைப் பிள்ளையிடம், “நீயும் ஒருநாள் வெல்வாய், அன்று உன்னை மதிப்பார்கள்” என்று ஆறுதல் கூறுகிறோம். அன்றுவரை அவனுக்கு மதிப்பில்லை என்பதையும் அச்சொல்லே உணர்த்திவிடுகிறது.

ஆகவே, படத்தை மாணவர்க்குக் காட்டுக. கண்டபின், “சிம்பாவுக்குப் பார்வை வாராமலே போயிருந்தால் அர்ஜுன் என்ன செய்திருப்பான்?” என்று கேட்க. படத்தின் முற்பகுதியை உணர்ந்து கண்ட பிள்ளைகள் தக்க விடையையே கூறுவர். அவ்விடையைக் கேட்டபின், நம் வகுப்பறையின் கடைசி வரிசையையும் ஒருமுறை நோக்குவோமாக.