அந்த இரண்டு தட்டு

சக வீரர் குறுக்கே நின்று போட்ட ஸ்கிரீனைச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறார். காவலுக்கு ஒட்டியிருந்தவன் ஸ்கிரீனில் மோதி ஓரடி பின்தங்கிவிட்டான். எதிரே உயரமான சென்டர் ஒருவன்தான். அவனும் பின்னுக்கு நகர்ந்து வளையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். வழி திறந்து கிடக்கிறது. அரங்கம் பாதி எழுந்துவிட்டது. நம்ம ஆள் பாயவில்லை. வேகத்தைக் குறைக்கிறார், பின்னால் ஓடிவருகிறவனைத் தன் முதுகில் வாங்கிக்கொள்கிறார், பந்தை ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பிறகு யாருக்கோ கொடுத்துவிட்டு ஓரமாக நகர்ந்துவிடுகிறார்.

‘பயந்துட்டான்’ என்று உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது. வர்ணனையாளர் நாசூக்காக ‘தயங்கினார்’ என்கிறார். அர்த்தம் ஒன்றுதான்.

யார் இந்த நம்ம ஆள் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஐரோப்பியக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஆளுக்கொரு முகம் தானாக வந்து நிற்கும். அமெரிக்கர். முப்பதைத் தாண்டியாயிற்று. என்பிஏ டிராஃப்ட்டின் இரண்டு சுற்றிலும் பெயர் வரவில்லை. ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் ஆரம்பித்து பெல்ஜியம், துருக்கி, இஸ்ரேல், திரும்பவும் துருக்கி, கோடையில் புவேர்ட்டோ ரிக்கோ என்று, பெட்டியை முழுசாகப் பிரிக்காமலே பத்து வருடம் ஓட்டியவர். ஊர் மாறிக்கொண்டே இருப்பதால் எங்கேயும் நிலைக்காதவர் என்று ஒரு பட்டம். இந்த இரண்டு தட்டால் தைரியமில்லாதவர் என்று இன்னொரு பட்டம். இரண்டாவதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. (பெர்லினில் இரவு எட்டு மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12.30. தூக்கம் ஏற்கெனவே கெட்டதுதான்.)

நம் கண் என்பிஏ பார்த்துப் பழகிய கண். அங்கே தடுக்கிற அணிக்காரர் யாரையும் காக்காமல் வளையத்துக்கு முன்னுள்ள பெயிண்ட் கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் விசில் அடித்துவிடுவார்கள், 2001-02 பருவத்திலிருந்து. ஐரோப்பாவில் ஆடுகிற ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் அந்தத் தடையே கிடையாது. இஷ்டப்பட்டால் வளையத்துக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். மூன்று புள்ளிக் கோடும் கிட்டத்தில் இருக்கிறது. அங்கே வளையத்தின் நேர் எதிரில் 7.24 மீட்டர், இங்கே 6.75. கோடு உள்ளே வந்தால் எறிகிறவர்களும் உள்ளே வந்து நிற்கிறார்கள், அவர்களைக் காப்பவர்களும் உள்ளே வருகிறார்கள். ஆடுகளமும் என்பிஏ களத்தைவிடக் கொஞ்சம் குறுகல். ஆக, டிவியில் திறந்து தெரிகிற வழி திறந்த வழி அல்ல. வாசற்கதவு திறந்திருக்கிறது, உள்ளே நாயைக் கட்டவில்லை.

அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்து இறங்கும், பந்தை நடத்தும் கார்டுகள் முதல் இரண்டு மாதம் அந்த வாசலில்தான் கடி வாங்குவார்கள். கல்லூரியில் இருபது புள்ளி எடுத்தவன், முதல் அடி எடுத்து வைக்கும்போதே டிராவலிங் என்று விசில் கேட்டு நடுவரை முறைப்பான். பந்து கையை விட்டுப் போகும் முன் ஊன்றிய கால் கிளம்பிவிட்டது என்பது அவனுக்கு உறைக்கவே நவம்பர் ஆகிவிடும். நம்ம ஆளும் அப்படி முறைத்தவர்தான். அந்த ஜெர்மனிக் குளிரில் எங்கோ ஒரு சின்ன ஊர் ஜிம்மில் கற்றுக்கொண்டதுதான் இந்த இரண்டு தட்டு.

அந்த இரண்டு விநாடியில் என்ன நடக்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தன்னைக் காத்தவன் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான். சுற்றி வர முடியாது, மோதினால் ஃபவுல். பயிற்சியாளர்கள் இதை ‘ஜெயில்’ என்பார்கள். ஓர் ஆளை ஜெயிலில் போட்டாயிற்று என்றால் களத்தில் நான்கு பேருக்கு எதிராக ஐந்து பேர். ஸ்கிரீன் போட்ட பெரியவர் இப்போது வளையத்தை நோக்கி உருண்டு போகிறார். எதிரணி சென்டர் இவரையும் பார்க்கவேண்டும், உருள்கிறவரையும் பார்க்கவேண்டும். அவரால் முடியாது என்பதால் மறுபக்க மூலையில் எறிவதற்குத் தயாராக நிற்பவரைக் காக்கிற ஆள் உள்ளே உதவிக்கு வரவேண்டும். ஆட்டமே அந்த ஆளின் பாதத்தில்தான் இருக்கிறது. நம்ம ஆள் வளையத்தைப் பார்ப்பதாக நாம் நினைக்கிறோம். அவர் பார்ப்பது அந்தப் பாதத்தை. குதிகால் மூலையை விட்டுத் திரும்பியதா, பந்து மூலைக்குப் பறக்கும். திரும்பவில்லையா, உருண்டு போகிறவரின் கைக்கு.

பாய்ந்திருந்தால் அந்தப் பாதம் முடிவெடுக்கவே தேவையில்லை. வளையத்துக்கு அடியில் இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு தட்டும் எதிரணியிடம் ஒரு கேள்வி கேட்கிறது. அவர்கள் பதில் சொல்கிறவரை இவர் பந்தை வைத்திருக்கிறார். இதைத் தயக்கம் என்றால், சீட்டாட்டத்தில் எதிரி இறக்கட்டும் என்று காத்திருப்பவனும் கோழைதான்.

இன்னொரு விஷயம் ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். என்பிஏவில் இரண்டு பேர் வந்து மடக்கினால் பந்தை வைத்திருக்கும் வீரரே டைம்-அவுட் கேட்டுத் தப்பிக்கலாம். ஃபிபா விதியில் வீரர் கேட்க முடியாது. பயிற்சியாளர் தரப்புதான் கேட்கவேண்டும், அதுவும் பந்து நின்றபோது, அல்லது எதிரணி கூடை போட்ட பிறகு. முதல் பாதிக்கு இரண்டு, அடுத்த பாதிக்கு மூன்று, கணக்கு முடிந்தது. நாற்பது நிமிட ஆட்டத்தில் எதிரணி தொடர்ந்து எட்டுப் புள்ளி எடுத்து, அரங்கம் அதிர்ந்து, சொந்த அணியே தலைதெறிக்க ஓடும்போது யார் நிறுத்துவது? நம்ம ஆளின் இரண்டு தட்டுதான் அங்கே டைம்-அவுட். நான் பார்த்தவரை, அவர் அப்படி நின்று கொடுத்த பந்து கூடையில் விழாத சமயத்தில்கூட அடுத்த ஐந்து நிமிடம் அணி ஒழுங்காக மூச்சுவிட்டு ஆடியிருக்கிறது.

இதெல்லாம் ஏன் கணக்கில் வருவதில்லை? ஐரோப்பியக் கிளப்புகள் ஆடும் யூரோலீக் போன்ற போட்டிகளில் வீரரை அளக்க ஓர் எண் வைத்திருக்கிறார்கள், பிஐஆர் என்று. எடுத்த புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், பறித்த பந்து, தடுத்த பந்து, வாங்கிய ஃபவுல் எல்லாவற்றையும் கூட்டி, தவறிய எறிதல், இழந்த பந்து, தடுக்கப்பட்ட எறிதல், செய்த ஃபவுல் எல்லாவற்றையும் கழிக்கிறார்கள். மளிகைக்கடைப் பேரேடு மாதிரி. நம்ம ஆள் மூலைக்குப் போடுகிறார், மூலையில் இருப்பவர் தன்மேல் ஒருவன் ஓடிவருவதைப் பார்த்து பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுகிறார், அவர் எறிந்து விழுகிறது. அசிஸ்ட் மூலைக்காரருக்கு. நம்ம ஆளுக்குப் பூஜ்யம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 24 விநாடிக் கடிகாரம் இரண்டில் நிற்கும்போது எல்லோரும் சூடான பாத்திரம் மாதிரி பந்தைக் கைமாற்றுவார்கள். கடைசியில் யார் கையில் மாட்டுகிறதோ அவர் எட்டு மீட்டரிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறியவேண்டும். விவரமானவர்கள் அந்தப் பந்தை வாங்கவே மாட்டார்கள், ஷூ கயிறு கட்டப் போய்விடுவார்கள். நம்ம ஆள் ஓடிவந்து வாங்குகிறார். தவறுகிறது, ஒன்று கழி. பருவ முடிவில் அவருடைய எறிதல் சதவீதத்தைப் பார்த்து ‘ஷூட்டிங் சுமார்’ என்று எழுதுகிறவர்கள், அந்தச் சதவீதத்தில் எத்தனை அடுத்தவரின் குப்பை என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

அவருடைய பிழைப்பையும் யோசிக்கவேண்டும். அங்கே அவருக்கு ‘இம்போர்ட்’ என்று பெயர், சரக்கு மாதிரி. கால்பந்து வீரர் போஸ்மன் வழக்கில் 1995இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் ஒன்றியத்துக்குள் வேறு நாட்டில் ஆடுவதற்கான தடைகள் பெருமளவு தளர்ந்தன. அமெரிக்கருக்கு அந்த வசதி இல்லை. லீக்குக்கு லீக் எண்ணிக்கை மாறும், ஆனால் இம்போர்ட் இடங்கள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உள்ளூர்ப் பையன் ஐந்து ஆட்டம் சொதப்பினால் ‘வளர்ந்துவருகிறான்’. இம்போர்ட் இரண்டு ஆட்டம் சொதப்பினால் மூன்றாவது ஆட்டத்துக்கு முன் ஏஜென்டுக்கு போன் போயிருக்கும். வரி போகக் கையில் சம்பளம், குடியிருக்க ஃபிளாட், ஒரு கார், குடும்பத்துக்கு விமான டிக்கெட். எல்லாம் பெரும்பாலும் ஒரே வருட ஒப்பந்தம். அடுத்த வருட விலை பேசப்படுவது புள்ளிக் கணக்கை வைத்து.

இப்போது திரும்ப அந்த ஸ்கிரீனுக்கு வாருங்கள். பாய்ந்தால் பாதி வாய்ப்பில் புள்ளி, இல்லாவிட்டால் ஃபவுல், எப்படியும் பெயர் ஏட்டில் ஏறும். நின்று கொடுத்தால் அணிக்குக் கூடை, தனக்கு ஒன்றுமில்லை. அடுத்த வருடச் சம்பளத்தை நிர்ணயிக்கிற எண்ணை ஒரு ஆட்டத்துக்கு பத்துத் தடவை தெரிந்தே குறைத்துக்கொள்கிறவரை பயந்தவர் என்கிறோம்! அந்தத் தொழிலில் பயந்தவன் செய்கிற காரியம் எறிவது. பயந்த இம்போர்ட் எறிந்துகொண்டே இருப்பான்.

பதினொரு கிளப் மாறியதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜனவரியில் ஓர் அணியின் முதன்மை கார்டுக்கு முழங்கால் போய்விட்டால், பத்து நாளில் முப்பது ஆட்டத் திட்டங்களை மனப்பாடம் செய்து களமிறங்கக்கூடிய ஆள் யார் என்று பயிற்சியாளர் யோசிப்பார். அந்தப் பட்டியல் மிகச் சின்னது. சில கிளப்புகளை அவரே விட்டுப் போனதற்கு வேறு காரணம்: சம்பளம் வராது. இந்த நோய் அங்கே எவ்வளவு பரவியிருந்தது என்றால், 2007இல் ஃபிபா இதற்கென்றே ஒரு நடுவர் மன்றம் அமைக்கவேண்டி வந்தது. ஜெனீவாவை இருப்பிடமாகக் கொண்ட அந்த மன்றம் குறிப்பிட்ட நாட்டின் சட்டப் பிரிவுகளைப் புரட்டாமல் நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்பளிக்கிறது. மூன்று மாத பாக்கியோடு கிளம்பிப் போனவரை ‘நிலைக்காதவர்’ என்பது, தண்ணீர் விடாத வீட்டுக்காரன் ‘குடித்தனக்காரர் ஓடிவிட்டார்’ என்று புலம்புவது போல்தான்.

பக்கச்சார்பு தெரிகிறது என்பீர்கள். தெரியட்டும். குறையும் சொல்லிவிடுகிறேன்: தடுப்பாட்டத்தில் இப்போது கால் போதவில்லை. எதிரணி வேண்டுமென்றே அவர் காக்கிற ஆளை வைத்து ஸ்கிரீன் போட்டு, தங்கள் பெரியவரை அவர்மேல் ஏற்றிவிடுகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு பார்க்கவேண்டியிருக்கிறது.

இனி வரப்போவதைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில், இந்த ஜெயில் உடைக்கப்படும். ஏற்கெனவே சில அணிகள் ஆரம்பித்துவிட்டன. முதுகில் மாட்டியவன் சுற்றிவர முயல்வதே இல்லை. உதவிக்காரன் முன்னால் வந்து பந்தை ஏற்றுக்கொள்ள, ஜெயிலில் இருந்தவன் அப்படியே கழன்று மூலைக்கு ஓடுகிறான். அதாவது கைதி சுவரைத் துளைக்கவில்லை, பின்வாசல் வழியாக நடந்து போகிறான். இன்னும் இரண்டு பருவத்தில் ஐரோப்பா முழுக்க இதைத்தான் ஆடுவார்கள். அப்போது நம்ம ஆள் இரண்டு தட்டை ஒரு தட்டாக்குவார். ஒரு தட்டில் அதே கேள்வியைக் கேட்க அவரால் முடியும், கல்லூரியிலிருந்து புதிதாக வருகிற இருபத்தி மூன்று வயதுக்காரனால் முடியாது.

அந்த இருபத்தி மூன்று வயதுக்காரன் வரவே போவதில்லை என்பது அடுத்தது. 2021இலிருந்து அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை விற்றுக் காசு பார்க்கலாம். 2025இலிருந்து கல்லூரிகளே வருமானத்தை நேரடியாகப் பகிர்கின்றன, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு இரண்டு கோடி டாலர் சொச்சம் வரை. ஜெர்மனி இரண்டாம் பிரிவின் குளிருக்கு இனி எவன் வருவான்? ஐரோப்பியப் பையன்களே அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஏணியின் முதல் படி இற்றுப் போகிறது. மேலே ஏற்கெனவே ஏறியவர்களுக்கு விலை கூடும். யூரோலீக் வேறு 2025-26இல் இருபது அணியாகி, லீக் சுற்றே 38 ஆட்டம் என்று நீண்டிருக்கிறது. முழங்கால்கள் உடையும், போன்கள் அடிக்கும். என்பிஏவும் ஃபிபாவும் சேர்ந்து ஐரோப்பாவில் புது லீக் தொடங்குவது பற்றி ஆராய்வதாக 2025 மார்ச்சில் சொன்னார்கள். அது வந்தால் முதல் வருடம் சுவரொட்டி முகங்களை வாங்கிக் குவிப்பார்கள். இரண்டாம் வருடம் ஆட்டத்தை நடத்தத் தெரிந்த முப்பத்தைந்து வயதுக்காரர்களைத் தேடுவார்கள்.

இந்த மே மாதத்தைப் பொறுத்தவரை என் கணிப்பு சுலபமானது. பிளே-ஆஃப் ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் அவர் பெஞ்சில் இருப்பார். கடைசி நான்கு நிமிடம் பந்து அவர் கையில் இருக்கும். ஸ்கிரீன் வரும், இரண்டு தட்டு, பந்து மூலைக்குப் போகும். அது விழுகிறதா என்று பார்க்கக்கூட நிற்காமல் தடுப்பாட்டத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருப்பார். மறுநாள் பேப்பரில் மூலைக்காரரின் படம்.

ஜூனில் ஒப்பந்தம் முடியும். செப்டம்பரில் கிரீஸ் என்பது என் பந்தயம். டிசம்பருக்குள் அங்கிருந்து வேறு எங்கோ.