மாத்திரை தரலாம், மாற்றக் கூடாது

பிரஷர் 160/100 காட்டுகிறது. நர்சம்மா பட்டையைக் கழற்றி, சற்று நேரம் உட்காரவைத்து, மறுபடி கட்டிப் பார்க்கிறார். அதே அளவு. அம்லோடிபின் 5 மில்லிகிராமைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எழுத முடியாது. "ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பாத்துட்டு வாங்கம்மா" என்கிறார். எலவனாசூர்கோட்டையைச் சுற்றிக் கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அது ஒரு நாள் சம்பளம். கல்வராயன் மலையின் உள்கிராமத்தில் இருப்பவருக்கோ மலைப்பாதையில் ஒரு பயணம். பலர் போவதில்லை, பழைய மாத்திரையையே விழுங்குகிறார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. துணை சுகாதார நிலையங்களில் பட்டயமோ பட்டமோ பெற்ற செவிலியர்கள் இடைநிலை சுகாதாரப் பணியாளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் வேலையைக் கொடுத்த அளவுக்கு அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.

நர்சுகளை நம்பலாமா என்று கேட்பவர்கள் பிரசவ அறையைப் பார்க்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஸ்டாஃப் நர்சுகளை ஷிப்டில் நிறுத்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வழிசெய்த மாநிலம் இது. ராத்திரி இரண்டு மணிக்கு வலியோடு வருபவளின் வயிற்றில் கைவைத்து, குழந்தையின் இதயத்துடிப்பை எண்ணி, இங்கேயே பார்க்கலாமா, 108-ஐ அழைப்பதா என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் அந்த நர்ஸ்தான். 2018–20 கணக்கில் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய்மார் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. அதில் அந்த இரவுப் பணிக்கும் பங்குண்டு. இரண்டு உயிரை யாரிடம் ஒப்படைத்தோமோ அவரிடம் ஒரு மாத்திரையின் அளவை ஒப்படைக்கத் தயங்குகிறோம்.

மருத்துவர்களின் அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. வாய்வுப் பிடிப்பு என்று வருபவருக்கு மாரடைப்பாக இருக்கலாம். ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொடுக்கும் பழக்கம் தொற்றிக்கொள்ளலாம். செவிலியருக்குத் தரும் ஆறு மாதப் பயிற்சி மருத்துவப் படிப்புக்கு ஈடாகாது. அதனால்தான் எல்லையை எழுத்தில் வகுக்க வேண்டும்: எந்த நோய், எந்த மருந்து, எந்த அளவு வரை, எப்போது அனுப்பிவைப்பது. பிரிட்டனில் தனிப் பயிற்சி முடித்த செவிலியர்கள் 2006 முதல் தம் தகுதிக்குட்பட்டு மருந்து எழுதுகிறார்கள். இங்கே ரத்தக்கொதிப்பு, சர்க்கரை இரண்டோடு தொடங்கலாம்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியைப் பார்ப்பதோடு பிக்மி என்னும் கர்ப்பிணிகளுக்கான இணையப் பதிவும் தடுப்பூசிக் கணக்கும் எழுதுகிறார். தேர்வெழுதி வந்த செவிலியர் பலர் தொகுப்பூதியத்திலேயே ஆண்டுகளைக் கழித்து, பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் எப்போது முடியுமோ என்றிருப்பவர், தவறு நேர்ந்தால் யார் துணைநிற்பார் என்று தெரியாமல், துணிந்து எப்படி முடிவெடுப்பார்? முதலில் நிரந்தர வேலை, பிறகு சட்டப் பாதுகாப்பு, அழைத்தால் எடுக்கும் ஒரு மருத்துவர்: இந்த மூன்றும் இல்லாமல் பொறுப்பை மட்டும் கூட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

மலையில் மருத்துவர் பணியிடம் காலியானால் அதையும் நிரப்பியே ஆக வேண்டும். நர்சை நிறுத்திவிட்டு இடம் நிரம்பியதாகக் கணக்குக் காட்டினால், இந்த யோசனையை நானே எதிர்ப்பேன்.