கதை சொன்னவனைக் கூண்டிலேற்றிய படம்

கதை கேட்டே காலம் கழித்த நாடு இது. காலட்சேபக்காரர் சொல்லுவார், கூடியிருப்போர் கன்னத்தில் போட்டுக்கொள்வர். "மறைந்து நின்று அம்பெய்தது அறமா? மனைவியைத் தீயில் இறங்கச் செய்தது நீதியா?" என்று எவனாவது எழுந்து கேட்டுவிட்டால், கேட்டவன் நாத்திகன், சொன்னவர் மகான்! இந்த நாட்டிலேதான் கம்பனின் தீர்ப்பையே மறு விசாரணைக்கு எடுத்து, 'நீதிதேவன் மயக்கம்' தீட்டினார் அறிஞர் அண்ணா. கதையைக் கேட்பது மட்டுமல்ல, கதை சொன்னவனையும் விசாரிப்பது நமது பழக்கம்.

அப்படிப்பட்ட விசாரணை ஒன்றை, அண்மையில் ஒரு சிறு மண்டபத்திலே, வெண்திரையில் கண்டோம். நாற்காலிகளில் பாதி காலி. படம், சியாம் பெனகல் 1992-இல் இயக்கிய 'சூரஜ் கா சாத்வான் கோடா'. சூரியனின் ஏழாவது குதிரை என்பது பொருள். தரம்வீர் பாரதி 1952-இல் வெளியிட்ட நாவலே இதற்கு மூலம். சிறந்த இந்திப் படத்திற்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. விருது தரும் கைகள் இருந்தன, திரையிடும் கைகள்தாம் குறைவு.

இந்திப் படமா என்று தோழர்கள் புருவத்தை நெரிக்க வேண்டா. திணிப்பை எதிர்ப்பவர்கள் நாம். கலையைப் பகைப்பவர்கள் அல்லோம். கட்டளையாக வரும் மொழிக்குக் கதவடைப்போம். கருத்தாக வரும் கலைக்கு நாற்காலி போடுவோம்.

கதைதான் என்ன? மாணிக் முல்லா என்றொரு இளைஞன். அவன் அறையிலே நண்பர்கள் கூடுகின்றனர். பிற்பகல்தோறும் அவன் கதை சொல்லுகிறான். மூன்று பெண்களின் கதை. ஜமுனா, லில்லி, சத்தி.

ஜமுனா விரும்பியது தன்னா என்பவனை. குலப் பெருமையும் வரதட்சிணையும் குறுக்கே நின்றன. கிழ ஜமீன்தாருக்கு மனைவியாக்கப்பட்டாள். பிள்ளைப்பேறு வேண்டி நோன்பிருந்தாள், நீராடினாள். பிள்ளையும் பிறந்தது. நோன்பின் பலன் என்று ஊர் நம்பியது. படமோ, அவளை அன்றாடம் ஏற்றிச் சென்ற வண்டிக்காரனைக் காட்டிவிட்டு வாய்மூடிக்கொள்கிறது! நூறு மேடைகளில் நாம் பேசியதை ஒரு பார்வையிலே முடித்துவிட்டாரே பெனகல் என்று வியந்தோம்.

லில்லி படித்தவள், மாணிக்கை நேசித்தவள். அவனோ அழகிய சொற்களால் அவளைத் தேற்றி, தன்னாவுக்கு மனைவியாகும்படி அனுப்பிவைத்தான். மூன்றாமவள் சத்தி, சோப்பு விற்றுப் பிழைத்த உழைப்பாளி. வளர்த்தவனே அவளை விலைபேசினான். வாங்க நின்றவன் தன்னாவின் தந்தை மகேசர் தலால். இரவோடிரவாகச் சேமிப்பை எடுத்துக்கொண்டு, மாணிக்கை நம்பி ஓடி வந்தாள். நம்பியவன் என்ன செய்தான்? காட்டிக்கொடுத்தான்.

இங்கேதான் படத்தின் உயிர் இருக்கிறது. ஒரே நிகழ்ச்சி மீண்டும் வருகிறது, வேறு பக்கத்திலிருந்து. முதற்கதையிலே ஓரமாக நடந்து போனவள், மூன்றாம் கதையிலே நடுவே நின்று நியாயம் கேட்கிறாள். முதலிலே ரசிகனாகத் தெரிந்த மாணிக், முடிவிலே கோழையாகத் தெரிகிறான். ரஜித் கபூர் புன்னகையோடு பேசப் பேச, அந்தப் புன்னகையின்மீதே நமக்கு ஐயம் பிறக்கிறது. சொன்னவன் தனக்கு வேண்டியதைச் சொன்னான், வேண்டாததை மறைத்தான் என்று புரிகிறது. பெண்ணின் துயரை ஆண் சொன்னால், அவன் பங்கு எங்கே மறைகிறது? ஒடுக்கப்பட்டவன் கதையை ஒடுக்கியவன் எழுதினால், அதிலே அரக்கன் யார்? படம் எழுப்பும் இந்த வினா, நமக்குப் பழகிய வினாவன்றோ!

குறை உண்டா? உண்டு. சூரியன் தேரிலே ஆறு குதிரைகள் ஊனமுற்றனவாம். எதிர்காலம் என்னும் ஏழாவது குதிரையே இனித் தேரை இழுக்குமாம். இவர்கள் பெற்ற குழந்தைகளே அந்த எதிர்காலமாம். பூமி சுழல்வதைப் பள்ளியிலே படித்த இளைஞனிடம் இன்னுமா இந்தப் புராணத் தேர் என்று முதலில் சினந்தோம். உவமைதானே, போகட்டும் என்றாலும் உறுத்தல் போகவில்லை. தேரைப் பள்ளத்திலே இறக்கியவன், குதிரையைப் பார்த்துக் கும்பிடுகிறானே! சத்திக்குக் கதவைத் திறந்திருந்தால், எதிர்காலம் அன்றிரவே பிறந்திருக்குமே!

வீடு திரும்பும் வழியிலே மற்றொன்று தோன்றிற்று. அந்தக் குதிரைப் பேச்சைப் பேசுபவன் யார்? அதே மாணிக்தான். அப்படியானால் அந்த இனிய நம்பிக்கையும் விசாரணைக்கு உரியதே. இயக்குநர் அதைத் தம் தீர்ப்பாக எழுதவில்லை. தீர்ப்பை நம் கையிலே விட்டிருக்கிறார்.

இளைஞர்களே! படிப்பகத்திலோ மன்றத்திலோ இப்படத்தைத் திரையிட வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். பார்த்த பின், விளக்கை அணைத்துவிட்டுக் கலையாமல், வட்டமாக அமருங்கள். சத்தியே இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று பேசுங்கள். கதை கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கேட்டபின், கேள்வியும் கேளுங்கள்!