இடம்பெயர்ந்த கற்கள்: சென்னை யூதரும் தமிழில் யூத சமய எழுத்தும்

தமிழில் யூத சமயத்தை அறிமுகப்படுத்தும் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. ஆபிரகாமில் தொடங்கி மோசேயின் சட்டம், ஓய்வுநாள், தல்மூது என நடந்து, மரபுவழி, பழமைபேண், சீர்திருத்தம் என்னும் முப்பிரிவில் அவை முடிவடைகின்றன. மொழியியலார் கைப்பட்டால் 'தோகை'யே எபிரேயத் 'துக்கி' ஆயிற்றா என்னும் பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும். அச்சொல்லுக்குச் செலவான தாளில் கால்பங்கேனும் சென்னைப் பவளக்காரத் தெருவுக்குக் கிடைத்திருக்கலாம்.

முப்பிரிவு வாய்பாடு சென்னைக்குப் பொருந்தாது. சீர்திருத்த யூதம் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் தோன்றியது. ஏனைய இரு பெயர்களும் அதன் எதிர்வினையாக நிலைபெற்றவை. கோல்கொண்டா வைரத்துக்காகச் சென்னை வந்தோர் அதற்கு நூறாண்டுக்கு மேல் முந்தியவர். அவர்கள் செபார்திய யூதர். 1492இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1497இல் போர்த்துகல்லில் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான மரபினரின் வழித்தோன்றல்கள். மத்தியதரைக்கடல் பவளம் இங்கு வர, வைரம் ஐரோப்பா சென்றது. 1687இல் சென்னையில் இறந்த ஜாக் டி பைவா இவ்வணிகருள் ஒருவர்.

1688இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் முதல் ஆல்டர்மன்களுள் பார்த்தலோமியோ ரொட்ரிகஸ், அல்வாரோ டா பொன்சேகா ஆகியோர் யூத வணிகர்களாகவே இடம்பெற்றனர். பெயர் மட்டும் கொண்டு தேடும் ஆய்வாளர் இவர்களைப் போர்த்துகீசியக் கத்தோலிக்கர் எனக் கடந்துவிடக்கூடும். எனவே 'பிரிவு' என்பது இங்குக் கொள்கைப் பட்டியலன்று, இடப்பெயர்வின் வரலாறு. கொச்சியில் 1568இல் பரதேசி யூதர் எழுப்பிய தொழுகைக்கூடத்தையும் இவ்வரலாற்றோடு வைத்தே படிக்க வேண்டும்.

நம்பிக்கை பற்றிய பகுதியில் குறை இன்னும் ஆழமானது. மறுமை, உயிர்த்தெழுதல் என்னும் தலைப்புகளின்கீழ் நூற்கருத்துகள் அடுக்கப்படுகின்றன, கல்லறை பேசப்படுவதில்லை. யூத வழக்கில் இடுகாடு 'பேத் ஹாயிம்', அதாவது உயிருள்ளோர் இல்லம். புதைத்தவரை மிகச் சில காரணங்களுக்கன்றி அசைத்தல் ஆகாது என்பது அவர்தம் சட்டம். பெத்துநாயக்கன்பேட்டையில் இருந்த யூதக் கல்லறைக் கற்களோ பள்ளிக் கட்டடத்தின் பொருட்டுக் காசிமேட்டுக்கும், துறைமுக விரிவாக்கத்தின் பொருட்டு அங்கிருந்து லாயிட்ஸ் சாலைக்கும் சென்றன எனப் பதிவுகள் கூறும். எபிரேய எழுத்துகளைத் தாங்கிய கற்கள் இன்றும் எஞ்சியுள்ளன.

நடுகல் ஆய்வில் இச்சிக்கல் புதிதன்று. நடுகல்லை அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்தால் எழுத்து எஞ்சும். அது நோக்கிய திசையும் அதனோடு நின்ற கற்களின் வரிசையும் போகும். ஆகவே நடுகல் பதிப்பாளர் கண்டெடுத்த இடத்தைத் தவறாது குறிக்கின்றனர். சென்னை யூதர் கற்களுக்கு அதே நெறியைக் கொண்டால் காசிமேட்டுக் கட்டம் வெறும் இடைக்குறிப்பாக நில்லாது. மீனவர் குடியிருப்புகளையும் கடற்கரையையும் மாற்றியமைத்த துறைமுகத்தின் வரலாற்றில் இறந்தோரின் நிலமும் ஒரு பகுதி என்பது அங்குத் தெரியவரும். 'இடப்பற்றாக்குறையால் மாற்றப்பட்டது' என்னும் ஒற்றைத் தொடர், ஒரு சமயச் சட்டம் மீறப்பட்டதா, உரியோர் இசைவு இருந்ததா, கல் மட்டும் சென்றதா என்னும் மூன்று வினாக்களையும் ஒருசேர மூடிவிடுகிறது.